சாயங்காலத்தைப் பூட்டி வைக்காதீர்கள்: சியாமென் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

நேற்று இரவு பத்தரை மணிக்கு நம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட சுற்றறிக்கையைப் படித்தேன். வரும் மார்ச்சில் சீனாவின் சியாமென் நகரில் நடக்கும் கல் கண்காட்சிக்குப் போகும் குழுவுக்கான விதிமுறைகள், மொத்தம் பதினான்கு. பன்னிரண்டைப் பற்றி எனக்கு ஒரு பேச்சும் இல்லை. ஏழாவதும் ஒன்பதாவதும்தான் தூங்கவிடவில்லை. ஏழு: இரவு உணவு எல்லாருக்கும் ஒரே இடத்தில், அதற்குப் பிறகு யாரும் ஹோட்டலை விட்டு வெளியே போகக் கூடாது. ஒன்பது: பாஸ்போர்ட்டுகள் பயணம் முடியும்வரை உங்கள் ஒருங்கிணைப்பாளர் வசம் இருக்கும். போன வருஷம்வரை இதெல்லாம் வாய்ச்சொல்லாக இருந்தது, நாங்களும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டோம். இப்போது எழுத்தில் வந்துவிட்டது, கீழே கையெழுத்து வேறு கேட்கிறீர்கள். நான் போடப்போவதில்லை. காரணத்தைக் குழுவில் நாலு வரியில் சொல்லி முடிக்க முடியாது, அதனால் இந்த மடல்.

எனக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் தொழில். சியாமெனுக்கு ஐந்து முறை போயிருக்கிறேன், அதில் மூன்று முறை உங்களோடு. 2001-இல் தொடங்கிய அந்தக் கண்காட்சி நம் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு திருவிழா மாதிரி. நம் பக்கத்துப் பாரடைசோ, மதுரைப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட் என்கிற கிரானைட் கல்லெல்லாம் பெரிய பெரிய பாளமாகக் கப்பலேறிச் சீனாவுக்குப் போகிறது. சியாமெனுக்குப் பக்கத்து ஷூய்தோவில் அறுபட்டுப் பலகையாகி அது எந்தெந்த நாட்டு வீட்டுக்கோ தரையாகிறது என்பதை நேரில் பார்த்தால்தான் நம் கல்லின் விலை நமக்கே புரியும். விசா, அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், மாதிரிக் கற்களை அனுப்புவது என்று அந்த வேலைகளில் உங்களை அடிக்க ஆளில்லை. அதனால்தான் மறுபடி மறுபடி வருகிறோம். என் சண்டை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு மேலே நடப்பதோடு மட்டும்.

போன மார்ச்சில் நடந்ததை மணிக்கணக்கோடு சொல்கிறேன். ஐந்தரைக்குக் கண்காட்சி வாசலில் பேருந்து. நாற்பத்திரண்டு பேரும் வந்து சேர ஆறே கால். ஊர் முழுக்க வீடு திரும்பும் அந்த நேரத்து நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து இந்திய உணவகத்துக்குப் போகும்போது ஏழு தாண்டிவிடும். பன்னீர் பட்டர் மசாலா, ஜீரா சாதம், மஞ்சள் தால். நாலு ராத்திரியும் அதேதான். மூன்றாம் நாள் மட்டும் பன்னீர் இருந்த இடத்தில் காளான் இருந்தது, குழம்பு பழைய குழம்பே. எட்டரைக்கு மறுபடி பேருந்து, ஒன்பதுக்கு ஹோட்டல், வரவேற்பறையில் தலை எண்ணிக்கை. என் பக்கத்தில் நின்ற பெரியவருக்கு அறுபத்தெட்டு வயது, மூன்று குவாரிக்கு முதலாளி. பெயரைக் கூப்பிட்டதும் கையைத் தூக்கி "உள்ளேன் ஐயா" என்றார். எல்லாரும் சிரித்தோம். உங்கள் ஒருங்கிணைப்பாளர் தம்பியும் சிரித்தார். சிரித்துவிட்டு லிஃப்ட்டில் ஏறி அறைக்குப் போய்ப் படுத்தோம், அதுதான் வெட்கம்.

என் மனைவி அந்த முறைதான் முதன்முதலாக வந்திருந்தாள். முதல் ராத்திரி சன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "சீனாவைப் பார்க்கலாம்னு வந்தேன், சீனாவோட சன்னலைப் பார்த்துட்டுப் போகப்போறேன்" என்றாள். சன்னலுக்குக் கீழே என்ன இருந்தது தெரியுமா? யுண்டாங் ஏரி. முன்பு கடலோடு சேர்ந்த துறையாக இருந்ததாம், 1970-களில் அணை போட்டு மறித்ததில் சாக்கடையாகி நாறி, 1988-லிருந்து சுத்தம் பண்ணி மீட்டெடுத்த ஏரி. இன்று அதில் கொக்குகள் வந்து நிற்கின்றன, அந்த ஊருக்கே கொக்குத் தீவு என்றுதான் செல்லப்பெயர். இரவில் கரை முழுக்க விளக்கு, நடக்கிறவர்கள், ஓடுகிறவர்கள், ஒலிபெருக்கி வைத்துக் கூட்டமாக ஆடும் அம்மாக்கள். ஹோட்டலிலிருந்து நடந்தால் பத்து நிமிஷம். ஆனால் எங்களுக்குத் தடை.

இரண்டாம் நாள் சாயங்காலம் நாங்கள் இருவரும் பேருந்தில் ஏறவில்லை. வயிறு சரியில்லை என்று உங்கள் ஒருங்கிணைப்பாளர் தம்பியிடம் பொய் சொன்னேன், இப்போது பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன். மெட்ரோ பிடித்து முதல் தடத்தின் கடைசி நிலையமான ஜென்ஹாய் சாலையில் இறங்கினோம். மெட்ரோவில் அறிவிப்பு ஆங்கிலத்திலும் வருகிறது, தொலைந்துபோக ரொம்ப முயற்சி செய்ய வேண்டும். அங்கிருந்து ஜோங்ஷான் சாலை எட்டு நிமிஷ நடை. பினாங்கோ சிங்கப்பூரோ போனவர்களுக்கு அந்தத் தெரு புதிதாகவே தெரியாது. மேல்மாடி முன்னால் நீண்டு தூண்களில் நிற்க, கீழே வெயிலும் மழையும் படாமல் நடக்கிற வழி, மலேசியாக்காரர்கள் அஞ்சடி என்பார்களே அதே அஞ்சடி. கடல் கடந்து போய்ச் சம்பாதித்தவர்கள் ஊருக்கு அனுப்பிய காசில் 1920-களில் எழும்பிய கடைவீதி. கடைசியில் தெரு கடலில் போய் முடிகிறது, கடலுக்கு அந்தப் பக்கம் குலாங்யு தீவு விளக்குப் போட்டுக்கொண்டு நிற்கிறது.

அந்தத் தெருவை ஒட்டிய சந்தில் ஒரு கடையில் வேர்க்கடலை சூப் சாப்பிட்டோம். சூப் என்று சொல்வதே தப்பு. தோல் நீக்கிய கடலையை நாக்கில் பட்டால் கரைகிற அளவுக்கு மணிக்கணக்கில் வேகவைத்துச் சர்க்கரை போட்டது. பால் ஒரு சொட்டு கிடையாது, நிறம் மட்டும் பால். "ரெண்டு ஏலக்காய் தட்டிப் போட்டா நம்ம வீட்டுப் பாயசம்" என்றாள் என் மனைவி. பக்கத்து மேசைப் பாட்டி ஒருவர் நாங்கள் கரண்டியால் தடவித் தடவிச் சாப்பிடுவதைப் பொறுக்க மாட்டாமல் எழுந்து வந்து, எண்ணெயில் பொரித்த நீளமான மாவுக் குச்சி ஒன்றைப் பிய்த்து என் கிண்ணத்தில் போட்டு, ஊறட்டும் என்று கையாலேயே சொல்லிவிட்டுப் போனார். ஐந்து தடவை அந்த ஊருக்குப் போனதில் ஒரு சியாமென்காரர் வியாபாரம் இல்லாமல் என்னிடம் பேசியது அதுதான் முதல் தடவை. அதுவும் பொய் சொல்லித் தப்பித்து வந்ததால் கிடைத்தது.

சைவக்காரர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்பீர்கள், நியாயமான கேள்வி. அந்த ஊரின் பேர்போன ஷாசா நூடுல்ஸ் சைவம் கிடையாது, குழம்பிலேயே காய்ந்த இறால் கிடக்கும். (மலாய்க்காரர்களின் சாத்தேதான் கடல் தாண்டி அங்கே ஷாசாவாகப் பெயர் மாறியது, வாசனையிலேயே தெரியும்.) பாசிப்பருப்புப் பூரணம் வைத்த சின்னப் பலகாரம் தெருவெங்கும் மாதிரிக்குக் கொடுப்பார்கள். சோமாசிக்குச் சித்தப்பா மகன் மாதிரி இருக்கும், ஆனால் சிலவற்றில் பன்றிக் கொழுப்பு சேரும், கேட்டுத்தான் வாங்க வேண்டும். கடல் புழுவைக் கூழாக உறையவைத்து விற்கும் ஒன்றும் உண்டு, அசைவக்காரர்களே யோசிக்கிற சரக்கு. ஆனால் வேர்க்கடலை சூப் இருக்கிறது, பழம் இருக்கிறது, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நான்புதுவோ புத்தக் கோயிலின் சைவச் சாப்பாடு ஊரறிந்தது. "வோ ச்சி சூ", நான் சைவம் என்று மூன்றே சொல். அதை ஒரு அட்டையில் சீன எழுத்தில் அச்சடித்து ஆளுக்கொன்று கொடுக்க உங்களுக்கு என்ன செலவாகும்? கடுமையான ஆசாரக்காரர் ஒருவர் நம் குழுவில் இருந்தார், அவருக்கு அந்த இந்திய உணவகம் வரம்தான், நான் மறுக்கவில்லை. அவருக்கு அது இருக்கட்டும். மீதி நாற்பத்தொரு பேரையும் ஏன் அதே பேருந்தில் ஏற்ற வேண்டும்?

அந்தச் சூப் கடைக்காரி காசு வாங்கிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "அங்கே எல்லாம் போனில்தான், உங்களால் ஒரு டீ வாங்க முடியாது" என்று பயமுறுத்தியது நீங்கள்தான். இருபது யுவான் நோட்டை நீட்டினேன், பிஸ்கட் டப்பாவிலிருந்து சில்லறை எடுத்துக் கொடுத்தாள். கடைகள் ரொக்கம் வாங்க மறுக்கக் கூடாது என்று அந்த நாட்டு மத்திய வங்கியே உத்தரவு போட்டிருக்கிறது. போனில்தான் கட்ட வேண்டும் என்றாலும் 2023-லிருந்து அலிபே, வீசாட் என்கிற அந்த நாட்டுச் செயலிகளில் வெளிநாட்டு விசா, மாஸ்டர் அட்டைகளைச் சேர்த்துக்கொள்ளலாம். 200 யுவானுக்குள் என்றால் கூடுதல் கட்டணம்கூட இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். இதைப் புறப்படும் முன்பே எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது யார்?

சூப் குடித்துவிட்டுப் படகுத்துறைக்குப் போனோம். குலாங்யுவுக்குப் பகலில் வெளியூர்க்காரர்கள் தள்ளியிருக்கிற பெரிய கப்பல் முனையத்திலிருந்துதான் போக வேண்டும், 2014-லிருந்து அப்படிப் பிரித்துவிட்டார்கள். ஆனால் சாயங்காலத்துக்கு மேல் இந்தப் பழைய துறையிலிருந்தே, ஜோங்ஷான் சாலைக் கோடியிலிருந்தே படகு ஏறலாம், ஐந்து நிமிஷத்தில் அக்கரை. கார் இல்லை, பைக் இல்லை, சைக்கிள்கூட இல்லாத தீவு. 2017-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். பழைய தூதரக வீடுகளும் பியானோச் சத்தமுமாகப் பகல் கூட்டம் வடிந்த பிறகு அங்கே நடக்க வேண்டும் என்பது என் மனைவியின் ஒரே ஆசை. டிக்கெட் சாளரத்துப் பெண் பாஸ்போர்ட் கேட்டாள். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். தலையசைத்தாள். தன் போனில் ஏதோ தட்டச்சிட்டு எங்கள் பக்கம் திருப்பினாள்: அசல் வேண்டும். அசல் எங்கே? ஹோட்டலில், உங்கள் தம்பியின் கறுப்புப் பையில். கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று படகு போகிற வரைக்கும் பார்த்தோம். பிறகு திரும்பிவிட்டோம்.

இந்தப் பாஸ்போர்ட் விஷயத்தை நான் சும்மா விடப்போவதில்லை. சீனாவின் குடிவரவுச் சட்டம் 38-ஆம் பிரிவு, பதினாறு வயது நிரம்பிய வெளிநாட்டவர் தன் பாஸ்போர்ட்டைத் தன்னோடு வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் காட்ட வேண்டும் என்கிறது. எங்கள் பாதுகாப்புக்காக என்று சொல்லி எங்களைச் சட்டத்தை மீற வைத்திருக்கிறீர்கள். நம் நாட்டிலும் பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து, உங்கள் பைக்குள் அடகு வைக்கிற நகை இல்லை அது. தொலைத்துவிடுவோம் என்று பயமா? கோடி ரூபாய்க் கல்லுக்கு ஒப்பந்தம் போடுகிறவர்கள் ஒரு சின்னப் புத்தகத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களா?

சரி, கடை விஷயத்துக்கு வருகிறேன். கண்காட்சி முடிந்த மறுநாளை ஊர் சுற்றிப் பார்க்கும் நாள் என்று திட்டத்தில் போட்டிருந்தீர்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவைத்தேன். குலாங்யுவில் ஒன்றரை மணி நேரம். தேயிலைக் கடையில் ஒரு மணி நாற்பது நிமிஷம். ஜேட் என்கிற பச்சைக்கல் நகைக்கடையில் ஒரு மணி பத்து நிமிஷம். உலகப் பாரம்பரியத் தீவைவிட உங்கள் இரண்டு கடைக்கும் நேரம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தேயிலைக் கடையில் "நமஸ்தே" என்று ஒரு பெண் வரவேற்று, குட்டிக் குட்டிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்து, ஆன்சியில் விளைந்த முதல்தர டீகுவான்யின் தேயிலை என்று இரண்டு டப்பாவை 600 யுவானுக்கு என் தலையில் கட்டினாள். அன்று ராத்திரி ஹோட்டலுக்குப் பின்தெருவில் ஒரு சின்ன டீத்தூள் கடைக்காரர் அந்த டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி எடுத்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். எனக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, விலையில் மட்டும் தெரிந்தது, அவர் சொன்னது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அவர் கடையில் நான் எதையும் வாங்கவில்லை, அப்படியும் ஐந்தாவது கிண்ணம்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார், அந்த ஊர்ப் பழக்கம் அப்படி.

என் மனைவி நகைக்கடையில் 1,800 யுவானுக்கு ஒரு வளையல் வாங்கினாள். வாங்கினாள் என்பதைவிட, கதவருகே பேருந்து வராமல் நாங்கள் நின்றுகொண்டே இருந்ததில் வாங்கவைக்கப்பட்டாள். சீனாவின் சுற்றுலாச் சட்டம் 2013 அக்டோபரிலிருந்து அமலில் இருக்கிறது. அதன் 35-ஆம் பிரிவைப் படித்தீர்களா? நியாயமில்லாத குறைந்த விலையில் ஆளைச் சேர்த்து, கடைக்குக் கூட்டிப்போய்க் கமிஷனில் சம்பாதிக்கக் கூடாது. பயணி ஒப்புக்கொள்ளாமல் குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போகக் கூடாது. மீறினால் பயணம் முடிந்து 30 நாளுக்குள் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கித் தரச் சொல்லிப் பயண நிறுவனத்தைக் கேட்கப் பயணிக்கு உரிமை உண்டு. உங்களுக்காக அங்கே பேருந்தும் வழிகாட்டியும் தருகிற உள்ளூர் நிறுவனத்தை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தும். எனக்கு இது தெரியவந்தது ஊர் திரும்பி நாற்பத்தொன்றாம் நாள். வளையல் பீரோவில் இருக்கிறது, அவள் போடுவதில்லை.

மூன்றாம் நாள் இரவு நீங்கள் ஏற்பாடு செய்த படகு உலாவையும் விட்டுவிடக் கூடாது. ஆளுக்கு 350 யுவான், விருப்பம் இருந்தால் மட்டும் என்று சொன்னீர்கள், ஆனால் வராதவர்கள் பேருந்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்றீர்கள். கரையில் டிக்கெட் சாளரத்தில் எழுதியிருந்த விலை அதில் பாதிகூட இல்லை. குலாங்யுவுக்குப் போகவரப் படகுக் கட்டணமே 35 யுவான்தான். நான் கப்பலில் ஏறினேன், வேடிக்கையும் பார்த்தேன், அழகாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பத்து மடங்கு கொடுத்துத் தூரத்திலிருந்து பார்த்தது நடந்து போக வேண்டிய தீவை.

உங்கள் பதில் எனக்குத் தெரியும்: பாதுகாப்பு, மொழி, பொறுப்பு. ஒருவருக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். அந்தக் கவலையை நான் கேலி செய்யவில்லை. வாட்ஸ்அப்பும் கூகுளும் அங்கே சும்மா வேலை செய்யாது, ரோமிங் போட்டிருந்தால் வேலை செய்யும், இல்லாவிட்டால் ஆள் கையில் வெறும் கண்ணாடிப் பலகைதான். இது உண்மையான சிக்கல். ஆனால் சிக்கலைத் தீர்ப்பது வேறு, அதைக் காட்டிக் கதவைச் சாத்துவது வேறு. கடைசி ராத்திரி நாங்கள் ஒன்பது பேர் தலை எண்ணிக்கை முடிந்த பிறகு சத்தமில்லாமல் இறங்கி ஏரிக்கரைக்குப் போனோம், "உள்ளேன் ஐயா" பெரியவரும் வந்தார். ஆடிக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து ஒரு அம்மா என் மனைவியின் கையைப் பிடித்து வரிசைக்குள் இழுத்துவிட்டார். இவளுக்குக் கும்மிதான் தெரியும், கும்மி அடித்தாள், அந்த அம்மா அதைப் பார்த்துத் தானும் அடித்தார். பெரியவர் கரையோரத் திண்டில் உட்கார்ந்து, "நாலு வருஷமா இந்த ஏரிய மாடியிலருந்துதான் பாத்தேன்" என்றார். பத்தே முக்காலுக்கு எல்லாரும் அவரவர் அறையில். யாரும் தொலையவில்லை, நாங்கள் வெளியே போனதே உங்களுக்கு இப்போதுதான் தெரியும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தை 1921-இல் கட்டியவர் பெயர் டான் கா கீ. சிங்கப்பூரில் அன்னாசியிலும் ரப்பரிலும் சம்பாதித்தவர். மலேயா ரப்பர் என்றால் அதில் பால் வெட்டிய நம் சனங்களின் கதையும் இருக்கிறது. அவர் பிறந்த ஜிமெய்க்கு முதல் தட மெட்ரோ கடலின் மேலேயே ஓடுகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர், டிக்கெட் சில யுவான்தான். சாயங்காலம் ஒரு ரயில் பிடித்தால் பார்த்துவிட்டு வந்துவிடலாம். மூன்று வருஷமாக உங்கள் திட்டத்தில் அதற்கு ஒரு வரிகூட இடம் கிடைக்கவில்லை, பச்சைக்கல் கடைக்கு மட்டும் மூன்று வருஷமும் கிடைத்தது.

இனி நான் கேட்பவை. ஏழாவது விதியை எடுத்துவிடுங்கள். கண்காட்சி நடக்கும் நாலு நாளில் குறைந்தது மூன்று சாயங்காலத்தை எங்களிடமே விடுங்கள். இந்திய உணவகத்துக்குப் போக விரும்புகிறவர்களிடம் முன்கூட்டியே பெயர் வாங்கி அவர்களுக்கு மட்டும் வண்டி போடுங்கள், மற்றவர்களுக்கு அந்தச் சாப்பாட்டுப் பணத்தைக் கட்டணத்தில் கழித்துவிடுங்கள். ஒன்பதாவது விதியை எடுத்துவிட்டு, ஹோட்டலில் பதிவு முடிந்த அடுத்த நிமிஷமே பாஸ்போர்ட்டை அவரவர் கையில் கொடுங்கள். கடை நிறுத்தம் எதுவானாலும் புறப்படும் முன்பே எழுத்தில் சொல்லுங்கள், எத்தனை நிமிஷம் என்றும், அதில் உங்களுக்குக் கமிஷன் உண்டா என்றும் சேர்த்து. வேண்டாம் என்கிறவர்கள் அந்த நேரத்தைக் குலாங்யுவில் கழிக்க வழி செய்யுங்கள். படகு உலா மாதிரித் தனிக்கட்டண நிகழ்ச்சிக்குச் சாளர விலையையும் உங்கள் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூப்பிட்டு, போனில் பணம் கட்டுவது, ரோமிங், மொழிபெயர்ப்புச் செயலி, ஹோட்டல் முகவரி, சைவ அட்டை, இவ்வளவும் சொல்லிக் கொடுங்கள். நான் வந்து உதவி செய்கிறேன், காசு வேண்டாம். அப்புறம், போன மார்ச்சில் வளையலும் டப்பாவும் வாங்கினவர்கள் என்னைத் தவிரவும் பலர் இருக்கிறார்கள். முப்பது நாள் தாண்டிவிட்டது, சட்டப்படி கேட்க முடியாது என்று தெரியும். உங்கள் கமிஷன் பங்கையாவது அவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கேட்கிறேன்.

முன்பணம் கட்ட இந்த மாதம் 25-ஆம் தேதிவரை நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அதற்குள் திருத்திய விதிமுறைகளைக் குழுவில் போடுங்கள். அன்று ஏரிக்கரைக்கு வந்த ஒன்பது பேரும் அதுவரை பணம் அனுப்பமாட்டோம்.